ஆறு மணிவரை அழாத வீடு

நான்கு வருடங்களுக்கு முன்னர், ஒரு பங்குனி மாதத்துச் சனிக்கிழமை. எங்கள் தீவில், மண்கும்பான் கடற்கரையில் ஒரு சினிமா நடிகரின் ரொக் இசை நிகழ்ச்சி நடந்தது. அதற்கு வந்திருந்த பலர் இன்றைக்கும் அதைச் சந்தோஷமாகச் சொல்லுவார்கள். அந்தப் பேச்சு வந்தால் நான் எழுந்து போய்விடுவேன். ஏன் என்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இதிலும் எவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை, என்னுடையது உட்பட.

எனக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில். கோயில் திருவிழா, கலியாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாவு நடந்தால், பிரேதம் சுடலைக்குப் போகும்வரை அந்த வட்டாரத்தில் ஒலிபெருக்கி பாடக்கூடாது. கலியாண வீடாக இருந்தாலும் பாட்டை நிறுத்திவிட வேண்டும். அதனால் யார் கண்ணை மூடினாலும் கிராம அலுவலரான விதானைக்குச் சொல்லும் முன்பே எனக்குச் சொல்லிவிடுவார்கள். நான் பாட்டை நிறுத்துவேன். பிறகு அதே ஒலிபெருக்கியை ஓட்டோவில் கட்டிக்கொண்டு மரண அறிவித்தல் வாசித்தபடி ஒழுங்கை ஒழுங்கையாகப் போவேன். இவன் படலை வாசலுக்கு வந்தால் ஒன்றில் கொண்டாட்டம், இல்லாவிட்டால் கொள்ளி என்று என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

நடிகரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் இருப்பவர். கதாநாயகனுக்கு நண்பன், கதாநாயகிக்கு அண்ணன், இடையிடையே வில்லன் என்று நடிப்பவர். ஆனால் அவருக்குப் படத்தைவிடப் பெரிய பைத்தியம் ஒன்று இருந்தது. நண்பர்கள் நாலு பேரைச் சேர்த்து ஒரு ரொக் குழு வைத்திருந்தார். படப்பிடிப்பு இல்லாத நாட்களில் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடுவார். சினிமாப் பாட்டுப் பாடமாட்டார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டவை மட்டும்தான். ஒரு பேட்டியில், "கேமரா முன்னாடி நல்லா நடிப்பேன். மைக்கைப் பிடிச்சா எனக்கு நடிக்க வராது" என்று சொன்னார். அந்தப் பேட்டியை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

காரணம், எனக்கும் அந்தப் பைத்தியம் இருந்தது. இளவயதில் கொழும்பில் வேலை செய்தபோது, கலியாண வீடுகளில் வாசிக்கும் ஒரு குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தேன். பேஸ் வாசிக்கிறவனை யாரும் பார்க்கமாட்டார்கள். அவன் நிறுத்தினால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும். பிறகு ஊருக்கு வந்து, மற்றவர்களுக்கு மைக் கட்டிக் கொடுக்கிறவனாகிவிட்டேன். கிற்றார் மட்டும் உறையோடு அறை மூலையில் கிடந்தது.

நடிகருடைய தாயார் எங்கள் ஊர்க்காரி. சின்ன வயதில் இந்தியாவுக்குப் போய், அங்கேயே கலியாணம் செய்து, அங்கேயே காலமானவர். அவருடைய ஒரே அண்ணன் ஊரிலேயே வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்துகொண்டு இருந்தார். எண்பது தாண்டியவர். மனைவி முன்பே போய்விட்டார், ஆண் பிள்ளை இல்லை, கலியாணம் செய்யாத ஒரே மகள் மட்டும்தான். மகள் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுதுவினைஞர். எனக்கு ஐந்தாறு வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பெரியவர் பின்னேரங்களில் என்னுடைய கடைக்கு வந்து, தங்கை மகனான அந்த மருமகனின் பாட்டைப் போடச் சொல்லுவார். "ஏன் தம்பி இவன் இப்பிடிக் கத்துறான்? ஆரேன் அடிச்சவங்களோ?" என்று கேட்பார். கேட்டுவிட்டு இன்னொரு தரம் போடச் சொல்லுவார். அவர்கள் வீட்டு அலுமாரிக் கதவின் உட்பக்கம் முழுக்க மருமகனின் படங்கள், பத்திரிகைகளில் இருந்து வெட்டி ஒட்டியவை. மாமனும் மருமகனும் நேரில் கண்டதே இல்லை, போனில் பேசியதுதான். தனக்குக் கொள்ளி வைக்க அவன்தான் வரவேண்டும் என்று பெரியவர் என்னிடமே இரண்டு மூன்று தரம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு நடிகரைக் கேட்டபோது, அம்மாவின் ஊர் என்றதும் ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நிகழ்ச்சி. ஞாயிறு காலை மாமா வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாடும் அங்கே என்று ஏற்பாடு. ஏன் முதலில் மாமாவைப் பார்க்கவில்லை என்று நான் கேட்டேன். நிகழ்ச்சி முடியட்டும், தலையில் ஒரு பாரமும் இல்லாமல் போய் அவருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை மேடையில் ஒலி சரிபார்க்க வந்தார். அவர்களுடைய பேஸ் வாசிக்கும் பையன் காய்ச்சலென்று வரவில்லை. பதிவு செய்த சத்தத்தை வைத்துச் சமாளிக்கப் போவதாகச் சொன்னார்கள். நான் வயரைச் சோதிப்பது போல என்னுடைய கிற்றாரை எடுத்து, அவர் எப்போதும் கடைசியாகப் பாடும் பாட்டின் பேஸை மெல்ல வாசித்தேன். சும்மா வயர் சோதித்தேன் என்று அப்போது சொன்னேன். உண்மையில் அவர் கேட்கவேண்டும் என்றுதான் வாசித்தேன். அவர் மேடையின் மற்றப் பக்கத்திலிருந்து நடந்து வந்து, முழுக்கக் கேட்டுவிட்டு, "நாளைக்கு இந்தப் பாட்டுக்கு நீங்க எங்க கூட நிக்கிறீங்க" என்றார். அவருடைய அம்மாவை நினைத்து எழுதிய பாட்டு அது. எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை காலை பத்தரை இருக்கும். நான் மேடையில் வயர்களைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அக்கா சைக்கிளை உருட்டிக்கொண்டு மணலுக்குள் வந்தார். "அப்பா மோசம் போயிட்டார், தம்பி" என்றார். விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்தவர், மருமகன் நாளைக்கு வந்து இருப்பதற்கென்று கதிரையைத் துடைத்து வைத்தவர், நெஞ்சு நோகுதென்று படுத்தவர் எழும்பவில்லையாம். முறைப்படி முதலில் என்னிடம்தான் வந்திருந்தார்.

எனக்குப் பக்கத்தில் கழகத் தலைவர் நின்றார். என்னைக் கையைப் பிடித்து அங்கால் கூட்டிக்கொண்டு போனார். "நெடுந்தீவுச் சனம் காலமை வள்ளத்திலை வெளிக்கிட்டிட்டுது. நயினாதீவு ஆக்களும் வருகினம். இனி நிப்பாட்ட ஏலாது. நீர் கதைச்சால் அவ கேப்பா" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நான் அந்த நேரம் நெடுந்தீவுச் சனத்தை நினைக்கவே இல்லை. நிகழ்ச்சி நின்றால் கடைசிப் பாட்டும் நின்றுவிடும் என்பதுதான் எனக்குள் ஓடியது. அதை நினைத்த உடனேயே எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போய்க் கதைத்தேன். பறை மேளத்தையும் அறிவித்தலையும் ஆறு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாமா, பிரேதம் எடுக்கிறது எப்படியும் நாளைக்குத்தானே என்று கேட்டேன். வீட்டுக்குள் கொஞ்சம் சத்தம் போடாமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னேன்.

அக்கா சைக்கிள் மணியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"ஆறு மணி மட்டும் அழாமல் இருக்கச் சொல்லுறீரோ?"

நான் கையில் இருந்த வயரைச் சுருட்டினேன். அவர் கடலைப் பார்த்தார். பிறகு, "சரி, இருக்கிறம். ஊர்க் காரியம். ஆனால் மச்சானுக்கு மட்டும் நீர் சொல்லிப்போடும். பாடுறதோ விடுறதோ அவர்ரை விருப்பம். கொள்ளி வைக்க அவரை விட்டால் எங்களுக்கு ஆள் இல்லை. நம்பரும் என்னட்டை இல்லை, அது அப்பான்ரை போனிலை எங்கையோ கிடக்கு, எனக்கு இப்ப தேட ஏலாது" என்றார்.

"ஓம் அக்கா, நானே சொல்லுறன்" என்றேன். அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

மூன்று மணிக்கு நடிகர் வான் வண்டியில் வந்து இறங்கினார். உடம்பில் கறுப்புச் சேட்டு, கண்ணுக்கு மை, விரல்களில் மோதிரங்கள், தோளில் விழுகிற தலைமுடி. அப்போது நடித்துக்கொண்டிருந்த படத்துக்காக ஒரு வருடமாக வளர்த்த முடி என்று முதல்நாள் சொல்லியிருந்தார். நேரே என்னிடம் வந்து, "மாமா எப்படி இருக்காரு? நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க" என்று கேட்டார்.

கடவுள் எனக்கு அதைவிட இலகுவான ஒரு வாசலைத் திறந்துவிட்டிருக்க முடியாது. நான் வாய் திறந்தேன். தலைவர் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துத் தலையை இல்லையென்று ஆட்டினார். அவர் ஆட்டாமல் இருந்திருந்தாலும் நான் சொல்லியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

"நல்லா இருக்கிறார் சேர்" என்றேன்.

நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. கடற்கரை கொள்ளாத சனம். எங்கள் பக்கத்தில் அப்படியான இசையை நேரில் யார் கேட்டிருக்கிறார்கள்? முதல் இரண்டு பாட்டுக்கும் வாயைப் பிளந்துகொண்டு நின்றவர்கள், மூன்றாவது பாட்டில் மணலை உதைத்துத் துள்ளத் தொடங்கினார்கள். எங்கள் ஊர்ச் சனமும் நின்றது. அதற்குள் அரைவாசிப் பேருக்குச் செய்தி தெரியும். செத்தவீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நின்றவர்களையும் எனக்குத் தெரியும். நான்கு பெரிய ஒலிபெருக்கிகளில் இரண்டை ஊர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தேன். கடற்கரைக்கு வராதவர்களும் கேட்கட்டும் என்று முதல்நாளே செய்தது. அக்காவின் வீடு அங்கிருந்து அரை மைல்கூட இல்லை.

கடைசிப் பாட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கிற்றாரை மாட்டிக்கொண்டு அவருக்கு இடப்பக்கத்தில், இரண்டு எட்டுத் தள்ளி நின்றேன். அவர் உடனே பாடவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இது எங்க அம்மாவோட ஊர். அம்மாவுக்கு ஒரே அண்ணன், என்னோட மாமா, இங்கதான் இருக்காரு. நான் இதுவரைக்கும் அவரைப் பார்த்ததில்லை. நாளைக்குக் காலையில போய்ப் பார்க்கப் போறேன். இந்தப் பாட்டு அவருக்கு" என்றார்.

சனம் கைதட்டியது. தெரியாதவர்கள் தட்டினார்கள், தெரிந்தவர்களும் தட்டினார்கள். முன்வரிசையில் தலைவரும் தட்டினார். எனக்குக் கை இரண்டும் தந்தியில் இருந்தன, இல்லாவிட்டால் நானும் தட்டியிருப்பேன் போலிருக்கிறது. பிறகு அவர் பாடினார், நான் வாசித்தேன். பிழை விடவில்லை. என்னுடைய வாழ்நாளில் நான் மிக நன்றாக வாசித்தது அன்றுதான் என்பதை எழுத எனக்குக் கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஆறு மணி கழிந்து, பொழுது படும் நேரம். சனம் கலைந்துகொண்டிருந்தது. நான் ஒலிபெருக்கியை நிறுத்திய கையோடு ஊர்ப்பக்கமிருந்து பறை மேளம் கேட்டது. அக்கா சொன்ன சொல்லை மணிக்கணக்காகக் காப்பாற்றியிருந்தார். நடிகர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கோயில்ல ஏதாவது விசேஷமா?" என்று என்னைக் கேட்டார்.

அப்போதுதான் சொன்னேன். வேறு வழியில்லாமல் சொன்னேன் என்பதை விட்டுவிடக்கூடாது.

அவர் வந்த வான் சனத்துக்குள் மாட்டிக்கொண்டு நின்றதால் என்னுடைய மோட்டார் சைக்கிளில் ஏறினார். கடற்கரை ஒழுங்கையைத் தாண்டினோம். பிறகு, பின்னாலிருந்து, "உங்களுக்கு எப்போ தெரியும்?" என்றார். பத்தரைக்கு என்றேன். "நான் மாமாவைப் பத்திப் பேசினப்போ பக்கத்துல நின்னீங்களே" என்றார். நான் கியரை மாற்றினேன். படலையடிக்கு வரும்போது, "அந்த ஒரு பாட்டுக்காகத்தானா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முற்றத்தில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். மத்தியானம் முழுக்க அடக்கி வைத்ததை எல்லாம் சேர்த்து அழுத அழுகை அது. அக்கா எங்களைக் கண்டு எழுந்து வந்தார். கறுப்புச் சேட்டையும் கரைந்த கண்மையையும் பார்த்தார். "வாங்கோ மச்சான்" என்றார். அடுத்ததாக, "தம்பி உங்களுக்குச் சொன்னவரோ?" என்று கேட்டார்.

நடிகர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரல் நுனிகள் தந்தி பட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தன. நான்தான் வாய் திறந்திருக்க வேண்டும். அதற்கு நேரமும் இருந்தது.

"சொன்னாரு" என்றார் அவர். "நான்தான், பாடி முடிச்சிட்டு வரலாம்னு இருந்துட்டேன்."

அக்காவுக்கு அழுகை நின்றுவிட்டது.

"அப்ப, நாளைக்கு வந்து மாமாவைப் பாப்பன் எண்டு மைக்கிலை சொன்னது?"

அவர் கையைக் கூப்பினார். அக்கா அவரை மேலும் கீழும் ஒருதரம் பார்த்தார். "சரி. உள்ளுக்கை வாங்கோ" என்றார். மச்சான் என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை நானே அறிவித்தல் வாசித்துக்கொண்டு போனேன். கிரியை செய்ய வந்த ஐயர், முகம் வழித்தால் காணும், தலை வழிக்கத் தேவையில்லை, நீங்கள் படத்தில் நடிக்கிறவர் என்றார். முறை எதுவோ அதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு நடிகர் கிணற்றடியில் குந்தினார். ஒரு வருடம் வளர்த்த முடி ஐந்து நிமிடத்தில் நிலத்தில் கிடந்தது. கொள்ளிக்குடம் சுமந்து, சுடலையில் கொள்ளி வைத்து, திரும்பி வந்து குளித்தார். கிணற்றில் அவருக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தது நான்தான். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். "நீங்க இந்த ஊர்லயே இருக்கணும். நான் போயிடுவேன்" என்றார். அடுத்த நாள் போய்விட்டார்.

மொட்டைத் தலையோடு அவருடைய படம் இணையத்தில் வந்தபோது, புதிய படத்துக்கான தோற்றம் என்று எழுதினார்கள். முதலில் நடித்துக்கொண்டிருந்த படத்திலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். அம்மாவின் பாட்டை அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் பாடியதாகத் தெரியவில்லை. நான் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊர் வேறு விதமாகப் பேசியது. மாமன் செத்துக் கிடக்க மேடையில் துள்ளினவன் என்றார்கள். தெரிந்துகொண்டே நாளைக்குப் பார்க்கப் போகிறேன் என்று கண் கலங்கச் சொன்னானே, நடிகன் எண்டால் அவன்தான் நடிகன் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் அன்று தெரிந்துகொண்டே கைதட்டியவர்களும் உண்டு. தலைவருக்கு முழுக் கதையும் தெரியும். உண்மையைச் சொல்லுவோமா என்று நான் கேட்டதற்கு, "விடும், முடிஞ்ச கதை" என்றார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனேன். நான் வாய் திறக்கும் முன்பே அவர், "சொந்தத்தைவிட நீர் மேல், தம்பி. சொன்ன சொல்லைக் காப்பாத்தினீர்" என்றார். எனக்கு வாழையிலை போட்டுப் பக்கத்தில் நின்று பரிமாறினார். நான் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

நடிகர் முதல் வருடம் மூன்று தரம் எனக்குப் போன் எடுத்தார். அக்கா தன்னுடைய அழைப்பை எடுப்பதில்லை என்றார். அவங்க எப்படி இருக்காங்க என்று மட்டும் கேட்பார். உண்மையைச் சொல்லிவிட்டீர்களா என்று ஒருதரமும் கேட்கவில்லை. சுகமாக இருக்கிறார் என்று நான் சொல்லுவேன். பிறகு போனும் வரவில்லை.

போன மாதம் அக்கா என்னுடைய கடைக்கு வந்தார். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார், உடம்பும் சரியில்லை. அலுமாரிக் கதவில் இருந்த படங்களை எல்லாம் எப்போதோ உரித்துவிட்டதாகச் சொன்னார். எனக்கு ஒரு வேலை தந்துவிட்டுப் போக வந்தவர் அவர். "எனக்கு ஒண்டு நடந்தால் உமக்குத்தான் முதல் சொல்லுவினம். அந்தாளுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும். எனக்காக அந்தாள் இன்னொருக்கால் நடிக்க வேண்டாம்" என்றார்.

"ஓம் அக்கா" என்றேன்.

மைக்கைப் பிடித்தால் நடிக்கத் தெரியாத ஒரு மனிதர் எனக்காக ஒரு செத்தவீட்டு முற்றத்தில் ஒரே ஒரு வசனம் நடித்தார். அது பொய் என்று அக்காவிடம் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும், ஆனால் அதைச் சொல்லப் பயந்து இதை உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.